பாயம்மா கேட்ட விலை

பெற்ற தாயைப் பார்த்துக்கொள்ள மாதம் இருபத்தெட்டாயிரம் ரூபாய். சாப்பாடு தனி, படுக்க இடம் தனி, ஞாயிறு விடுமுறை. சேலத்து ஏஜென்சிக்காரர் இதையெல்லாம் போனில் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, "இது ஃபிக்ஸட் ரேட்டுங்க சார்" என்று முடித்தபோது அப்துல் ஷுக்கூருக்கு வாய் அடைத்துப் போயிற்று. பணம் பெரிதுதான். அதைவிடப் பெரிது, ஐம்பத்து மூன்று வயதில் முதல் முறையாக ஒரு விலையைக் காதில் வாங்கிக்கொண்டு எதிர்விலை சொல்லாமல் நின்றது.

தருமபுரியில் அவருக்குப் பாத்திரக் கடை. எவர்சில்வர் குடத்துக்கு எண்ணூறு சொல்லி, அறுநூற்றைம்பதுக்குச் சொத்தையே எழுதிக்கொடுப்பவர் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக் கொடுத்து, வாங்கியவர் தெருமுனை திரும்பியதும் சிரிக்கிற வம்சம். அவருடைய அப்பா காலமெல்லாம் காரிமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர். அந்த அப்பாவுக்கே விலை சொல்லிக்கொடுத்தவர் அம்மா ஜைபுன்னிசா, வீட்டு உருதுவில் அம்மி. சந்தையில் ஜெயித்த பேரத்தை அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னால், இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் முந்நூறு கூடுதலாகக் கிடைத்திருக்குமே என்று ஒரே வரியில் அவரைத் தோற்கடித்துவிடுவார்.

அந்த நாக்கில்தான் புற்று வந்தது. பெரிய டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த நிம்மதி யாருடையது என்று ஷுக்கூருக்கு அப்போது விளங்கவில்லை. யாருடையதும் இல்லை என்று பிற்பாடு விளங்கிற்று. அம்மிக்குப் பேச்சு நின்றுவிட்டது. மூக்கு வழியாகக் குழாய், குழாய் வழியாகக் கஞ்சி. குர்ஆன் ஓதத் தெரியுமே தவிர எழுதத் தெரியாது என்பதால் காகிதம் பேனாவுக்கும் வழியில்லை. என்ன வேண்டும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார்.

அதியமான்கோட்டை வீட்டில் இதையெல்லாம் தூக்கிச் சுமந்தவர் ஷுக்கூரின் மனைவி ஹுமேரா. திருப்பிப் போடுவது, துடைப்பது, டயப்பர் மாற்றுவது எல்லாம் அவர்தான். மூன்றாவது மாதம் அவருடைய இடுப்பு டிஸ்க் நழுவியது. அந்த வீட்டில் உள்ளே உருது, வாசலைத் தாண்டினால் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். ஹுமேரா இரண்டிலும் சொல்லிவிட்டார்.

"எனக்கு யோசனை சொல்ற ஆளு வேண்டாம். தூக்கறதுக்கு ஆளு வேணும். இல்லாட்டி ரம்ஜானுக்குள்ள அவங்க கட்டிலுக்குப் பக்கத்துல எனக்கும் ஒரு கட்டில் போட்டுடுங்க."

யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்த அக்கா ஷகிலா தினம் இரண்டு வேளை போன் செய்து, ஆட்டுக்கால் பாயாவில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தாயா என்பாள். குழாய் வழியாகப் பாயா போகாது என்று சொன்னால் அழுவாள். ஷார்ஜாவில் இருக்கும் தம்பி ஜாவீத் இன்னும் ஒரு படி மேலே போய், அம்மி அறையின் கூரை மூலையில் கேமரா ஒன்றை மாட்ட வைத்திருந்தான். அதில் ஒலிபெருக்கியும் உண்டு. ஹுமேரா குனிந்து போர்வையைச் சரிசெய்யும்போது தலைக்கு மேலேயிருந்து, "பாபி, இடது பக்கம் விலகியிருக்கு" என்று அண்ணிக்கு உத்தரவு வரும். வாரம் ஒரு தடவை அரசாங்க நர்ஸ் வந்து குழாயை மாற்றி, புண்ணுக்கு மருந்து வைத்து, வலிக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். அந்த வீட்டில் பேசாமல் வேலை செய்தது அவர் ஒருவர்தான். அதுவும் இலவசம். இலவசம் என்பதால் ஷுக்கூருக்கு முதலில் கொஞ்சம் சந்தேகம்கூட இருந்தது.

இருபத்தெட்டாயிரத்துக்கு ஏஜென்சி அனுப்பிய முதல் பெண் நோயாளியின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டாள். அம்மி அவள் போனைத் தட்டிவிட்டார். கண்ணாடி விரிசலுக்கு ஷுக்கூர் தண்டம் அழுதார். இரண்டாவதாக வந்தவள் உண்மையிலேயே நல்லவள், கை வேகம், முகத்தில் சிரிப்பு. அம்மி அவள் முழங்கையைப் பிறாண்டி ரத்தம் பார்த்துவிட்டார். மூன்றாவது ஆள் காலையில் வந்தாள். மதியம் அம்மி மூக்குக் குழாயைத் தானே உருவி அவள்மேல் வீசினார். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நெடுஞ்சாலைப் பக்கம் போனவள் பெங்களூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஷுக்கூர் போன் செய்ததற்கு ஏஜென்சிக்காரர், மூன்று ஆளுக்கு மேல் மாற்றுவதில்லை, முன்பணம் திரும்பாது, இரண்டும் விதிமுறையில் இருக்கிறது என்றார்.

"அம்மிக்கு அப்பிடி என்னதான் கோவம்?" என்று ஷகிலா கேட்டாள். அதைத்தான் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஷுக்கூருக்கு மட்டும் மனதுக்குள் ஓர் ஆறுதல் இருந்தது. மற்றவர்களிடம் எப்படியோ, தன்னிடம் அம்மி பாசமாகத்தான் இருந்தார். கடையிலிருந்து வந்து கால் அலம்பிவிட்டு அவர் கட்டில் ஓரம் உட்கார்ந்ததும் அம்மி அவர் கையைத் தேடுவார். தன் போர்வையின் நுனியை இழுத்து இருவர் கைமேலும் போர்த்தி, அவருடைய இரண்டு விரல்களை இறுக்கிப் பிடிப்பார். விட மாட்டார். ஷுக்கூர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மியின் நெற்றியைத் தடவிவிட்டு எழுந்து வந்துவிடுவார். அதற்குமேல் உட்கார்ந்தால் அழுதுவிடுவோம் என்று பயம். மறுநாள் காலையில் அம்மி வேலைக்காரியைப் பிறாண்டுவார்.

இப்படியிருக்கையில் மாதப்பன் வந்தார். அப்பா காலத்துச் சந்தைக் கூட்டாளி, எழுபதைத் தாண்டியும் தரகை விடாதவர். இப்போது மாடு குறைந்துவிட்டதால் மனை, பழைய டிராக்டர், கல்யாண வரன் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளும் தன்னிடம் உண்டு என்று அவரே போன் செய்து, தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து சாலம்மாளை அழைத்து வந்துவிட்டார். ஐம்பதை நெருங்கும் பெண்பிள்ளை, அரூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவள், மாமியாரைக் கடைசிவரை கவனித்தவள். வந்தவுடன் கட்டிலைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். கட்டில் உயரம் போதாது, காலுக்குக் கீழே செங்கல் வைக்க வேண்டும் என்றாள். பிறகு விலை சொன்னாள். இருபத்திரண்டாயிரம்.

ஷுக்கூருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருபத்திரண்டு என்று சொன்ன விதத்திலேயே அது கடைசி விலை இல்லை என்று தெரிந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பதினைந்து என்றார். சாலம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். மாதப்பன் அந்தப் பையை வாங்கிக் கீழே வைத்தார். வீடு பெரிய வீடு, ஏழெட்டுப் பேர் வந்துபோவார்கள் என்றாள் அவள். வருகிற எல்லோரும் போனில்தான் வருவார்கள் என்றார் ஷுக்கூர். மாதப்பன் அவளிடம் பாயைப் போலக் கொடுக்கிற மனசு உண்டா என்பதும், இவரிடம் இந்தப் பிள்ளையைப் போலச் செய்கிற கை உண்டா என்பதுமாக இரண்டு பக்கமும் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். கமிஷனும் இரண்டு பக்கம்தானே.

பதினேழும் இருபதும் நேருக்கு நேர் நின்ற நேரத்தில் அம்மி கையை நீட்டினார். ஷுக்கூர் பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போனார். அம்மி வழக்கம்போலப் போர்வையை இழுத்து மூடி, இரண்டு விரல்களைப் பிடித்து இறுக்கினார்.

"பாத்தீங்களா, தெனம் இப்பிடித்தானுங்க" என்றார் ஷுக்கூர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னெக் கண்டா மட்டும் கையெ விட மாட்டாங்க."

மாதப்பன் குனிந்து பார்த்தார். போர்வையைப் பார்த்தார். அம்மியின் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தம்பி, அது பாசமில்ல. பேரம்."

"பேரமா?" என்றார் ஷுக்கூர்.

"உங்கப்பனுக்குப் பொறந்துட்டு இது தெரியலையா உனக்கு? பாயம்மா வெல சொல்லுது. ரெண்டு."

மாட்டுச் சந்தையில் விலையை நாலு பேர் காதுபடப் பேச மாட்டார்கள். தோளில் கிடக்கும் துண்டை இருவர் கைமேலும் போட்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. ஆயிரமா நூறா என்பதை மட்டும் முதலில் வாயால் சொல்லிவிட்டு, மற்றதை விரலுக்கு விட்டுவிடுவார்கள். ஷுக்கூருக்கு இது தெரியாது என்றில்லை. அப்பாவும் அம்மியும் பிள்ளைகள் காதில் விழாமல் வரவு செலவு பேச முந்தானைக்கு அடியில் இதைத்தான் செய்தார்கள் என்பது, இத்தனை வருஷம் கழித்து, அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு உறைத்தது. இரண்டு பேரும் மணிக்கணக்கில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என்ன பாசம், என்ன பாசம் என்று தன் கல்யாணத்தின்போது ஹுமேராவிடம்கூட மெச்சிச் சொல்லியிருக்கிறார்.

சரி, விலை இரண்டு. என்ன இரண்டு?

விலைக்கு முன்னால் வாயால் சொல்ல வேண்டிய அந்த ஒரு சொல்தான் அம்மியிடம் இல்லை. அது இல்லாததால் ஆளாளுக்குத் தங்கள் சொல்லைப் போட்டுக்கொண்டார்கள். ஷுக்கூருக்குச் சந்தேகமே இல்லை, சம்பளம் இரண்டாயிரம் என்கிறார் அம்மி. அவருக்கு இன்னும் பழைய காலத்து விலைதான். இருபத்தெட்டாயிரம் என்று கேமராவில் ஜாவீத் கத்தியதைக் கேட்டுத்தான் வந்தவளையெல்லாம் விரட்டியிருக்கிறார். அப்போது கூரையிலிருந்து ஜாவீத் பேசினான். இரண்டு லட்சமாம், அம்மி ஆபரேஷன் கேட்கிறாராம், பணம் அவன் அனுப்புகிறானாம். அவனே ஷகிலாவையும் போனில் சேர்த்துவிட்டான். அவள் விஷயத்தை முழுக்கக் கேட்காமலே, அம்மி பேத்திகளான ஷகிலாவின் இரண்டு பெண்களுக்குமாக வைத்திருக்கும் இரண்டு தங்க வளையலைத்தான் சொல்கிறார் என்று விசும்ப ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஹுமேரா, மருமகள்கள் இரண்டு பேர், தூக்கிச் சுமப்பவள் ஒருத்திதான் என்பதைத்தான் அம்மி ஞாபகப்படுத்துகிறார் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். ஜாவீத் ஷார்ஜாவிலிருந்தே இணைப்பைத் துண்டித்தான்.

மாதப்பன் துண்டை உதறி, எல்லோரையும் அதட்டி நிறுத்தினார். தரகர் வேலை என்றால் இதுதான் என்பதுபோலக் கட்டில் பக்கம் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆயிரமா பாயம்மா? அம்மி கண்ணை மூடிக்கொண்டார். லட்சமா? மூடிய கண் மூடியபடியே இருந்தது. பவுனா? ஆளா? வேளையா? நாளா? அம்மிக்குச் சலித்துவிட்டது. விரலை மட்டும் விடவில்லை.

"மணியா அம்மி?" என்றார் ஹுமேரா. "ரெண்டு மணி நேரமா?"

அம்மி கண்ணைத் திறந்தார். விரல்களை ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினார். ஷுக்கூருக்கு வலித்தது.

"அப்பிடிச் சொல்லுங்க" என்றார் ஹுமேரா. அந்தக் குரலில் ஒரு திருப்தி இருந்தது. "ஆளு வேணும் ஆளு வேணும்னு ஊரெல்லாம் தேடினீங்களே. அவங்க உங்களைத்தான் வெலைக்குக் கேக்கறாங்க. தெனம் ரெண்டு மணி நேரம்."

கண்ணைத் துடைத்து, நெற்றியைத் தடவி, எழுந்து ஓடிய சாயங்காலங்கள் எல்லாம் ஷுக்கூர் முன்னால் வரிசையாக வந்து நின்றன. தினமும் ஒரு தாய் விலை சொல்லியிருக்கிறாள், தினமும் மகன் பதில் சொல்லாமல் எழுந்து போயிருக்கிறான். பதில் சொல்லாத ஆளைப் பிறாண்ட முடியாமல் மறுநாள் கையில் கிடைத்தவளைப் பிறாண்டியிருக்கிறாள். அவர் அழுதிருக்க வேண்டிய இடம் அது. அழவில்லை. ரத்தம் வேறு வேலை செய்தது. போர்வைக்கு அடியில் அவர் விரல் தானாக நகர்ந்து அம்மியின் ஒற்றை விரலைப் பிடித்தது. ஒன்று.

அம்மி அதை உதறினார். இரண்டு.

இது கல்யாண சீசன், சீர்வரிசைப் பாத்திரம் வாங்கக் கூட்டம் கூட்டமாக வருவார்கள், கல்லாவில் வேறு ஆளை உட்கார வைக்க முடியாது என்று ஷுக்கூர் விளக்கினார். ஒன்று. அம்மி முகத்தைத் திருப்பிக்கொண்டார், கை மட்டும் இரண்டு என்றது. சாப்பிடும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஷுக்கூர் கேட்டார். அதற்கு விரல்கூட அசையவில்லை. ஹுமேரா தலையில் அடித்துக்கொண்டார். சாகக் கிடக்கும் தாயோடு பேரம் பேசுகிற பிள்ளையை இந்த ஜில்லாவில் தான் பார்த்ததில்லை என்று சாலம்மாள் மாதப்பனிடம் சொன்னாள். இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கிற ஜாதியில்லை என்று அவர் பெருமையோடு பதில் சொன்னார்.

கடைசியில் அம்மி ஒரு பெருமூச்சு விட்டு, மகனின் ஒற்றை விரலைப் பிடித்தார். ஒன்று. முடிந்தது. ஷுக்கூர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பாதிக்குப் பாதி குறைத்துவிட்டேன் என்று எழுந்தபோதுதான் அம்மியின் கண் ஓரத்தைப் பார்த்தார். அறுநூற்றைம்பதுக்குக் குடத்தை விற்ற பிறகு தன் முகத்தில் வரும் அதே சுருக்கம். ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்திருக்கிறது.

சாலம்மாளுக்குப் பதினெட்டாயிரம் என்று அதே கையோடு பேசி முடித்தார்கள். அம்மி அவளைப் பிறாண்டவில்லை. குழாயை உருவவில்லை. அவள் தலை துவட்டிவிட்டபோது கண்ணை மூடிக்கொண்டு காட்டினார். கட்டிலுக்குக் கீழே செங்கல் வந்தது. ஹுமேரா பல மாதங்களுக்குப் பிறகு பகலில் தூங்கினார்.

ஷுக்கூர் மட்டும்தான் ஒழுங்காகப் பணம் கட்டாத வாடிக்கையாளர். முதல் சில நாள் கடையை விட்டுவிட்டுச் சாயங்காலம் சரியாக வந்து உட்கார்ந்தார். பிறகு கம்பைநல்லூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் முழு வேன் பிடித்து வந்தார்கள், அன்று முடியவில்லை. மறுநாள் வரி ஆபீசில் கூப்பிட்டார்கள். இன்னொரு நாள் வந்தார், உட்கார்ந்தார், ஆனால் கும்பகோணத்துப் பித்தளைக்காரரோடு போனில் சரக்கு பேசிக்கொண்டே உட்கார்ந்தார். அம்மி அன்றைக்குப் போர்வையை இழுக்கவே இல்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. இப்படியே இன்னும் சில நாட்கள் போயின.

மாதக் கடைசியில் வந்த நர்ஸ் புண்ணைக் கட்டி முடித்துவிட்டு, ஷுக்கூரைக் கூடத்துக்கு அழைத்து, வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர்கள் வர வேண்டுமென்றால் வரச் சொல்லிவிடுங்கள் என்றார். எவ்வளவு நாள் என்று ஷுக்கூர் கேட்டார். அதை யாரும் சொல்ல முடியாது, ஆனால் தள்ளிப்போட வேண்டாம் என்றார் அவர். ஷுக்கூர் ஷகிலாவுக்கும் ஜாவீத்துக்கும் போன் செய்தார். இரண்டு பேரும் முதல் தடவையாக யோசனை எதுவும் சொல்லாமல் வருகிறோம் என்றார்கள்.

அன்று சாலம்மாளின் சம்பள நாள். பதினெட்டாயிரம். அதில் முன்பணம் வாங்கியது மூவாயிரம், ஊருக்குப் போன இரண்டு நாளைக்கு ஆயிரத்து இருநூறு. மீதி பதிமூவாயிரத்து எண்ணூறு. சில்லறை எதுக்குங்க, பதினாலாக் குடுத்துடுங்க என்றாள். ஷுக்கூர் பதிமூவாயிரத்து எண்ணூறையே எண்ணிக் கொடுத்தார். அவள் எச்சில் தொட்டு மறுபடி எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்தக் கணக்கு நேர்.

அவர் அம்மியிடம் போய் உட்கார்ந்தார். அம்மி இப்போது இன்னும் சிறிதாகிவிட்டிருந்தார். போர்வையை இழுக்கக்கூடத் தெம்பில்லை, ஷுக்கூரே இழுத்துக் கைகள்மேல் மூடினார். அம்மி அவர் முழுக் கையையும் பிடித்தார். விட்டார். பிறகு நாலு விரலைப் பிடித்தார். ஒன்பது. என்ன ஒன்பது என்று இந்த முறை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஒம்பது எப்பிடி அம்மி?" என்றார் ஷுக்கூர். "ஆறு நாள்தானே வரலை?"

"போன் பேசிக்கிட்டு உக்காந்த மூணு நாளு கணக்குல வராதுங்களாம்" என்றாள் சாலம்மாள் வாசலிலிருந்து. "அந்தந்த நாளே என் விரலெப் பிடிச்சு, பாக்கியெ ஒண்ணு கூட்டிச் சொல்லிட்டாங்க."

நர்ஸ் சொன்னது காதில் ஓடிக்கொண்டிருக்க, ஷுக்கூர் கடையை நாளை திறக்கவே போவதில்லை, ஒன்பதையும் ஒரே மூச்சில் உட்கார்ந்து கட்டிவிடுகிறேன் என்றார்.

அம்மி அவர் கையை உதறினார். பலமில்லாத உதறல், ஆனால் உதறல்தான். ஒற்றை விரலைப் பிடித்தார். பேசியது பேசியதுதான், பாக்கியும் நாளுக்கு ஒன்றாகத்தான் கழியும். மொத்தமாக வாங்கிக் கணக்கை முடித்துக்கொள்கிற அளவுக்கு அவர் விவரம் இல்லாதவரா என்ன? பாக்கி வைத்திருக்கிற ஆள் எப்படியும் கடைப் பக்கம் வந்துதானே தீர வேண்டும்.

போன் அடித்தது. பித்தளைக்காரர். ஷுக்கூர் அதை அணைத்து, ஹுமேரா கையில் கொடுத்து, கதவைச் சாத்தச் சொன்னார். அந்த ஒரு மணி நேரம் அவர் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. அன்றைக்குக் கடையில் ஒருத்தி இட்லிப் பானைக்கு மூடியை இலவசமாகக் கேட்டுச் சண்டை போட்டதைச் சொன்னார். எவ்வளவுக்குக் கொடுத்தேன் என்றும் சொன்னார். இன்னும் கொஞ்சம் நின்று பார்த்திருக்கலாம் என்பதுபோல அம்மி புருவத்தைத் தூக்கினார்.

முடிந்ததும் அம்மி அவர் கையைப் பிடித்தார். முழுக் கை. விட்டு, மூன்று விரல்.

வரவு ஒன்று. பாக்கி எட்டு.